ஏழடி மனிதரின் இரண்டாவது மேடை

2015 ஜூன் 25. நியூயார்க் நகரின் புருக்ளின் அரங்கில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துக் குழுக்கள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரவு. மொத்தம் 60 இடங்கள். 52ஆவது இடத்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் குழு எடுத்த பெயர் சத்னாம் சிங் பமாரா. வயது 19, உயரம் ஏழடி இரண்டு அங்குலம், சொந்த ஊர் பஞ்சாப் மாநிலத்தில் பல்லோ கே என்னும் சின்னக் கிராமம். என்பிஏ தேர்வில் இடம்பெற்ற, இந்தியாவில் பிறந்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். மறுநாள் இந்தியப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆவணப்படமும் வந்தது.

2022 ஏப்ரல் 13. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏஇடபிள்யூ மல்யுத்த நிகழ்ச்சி. அரங்கின் விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தபோது மேடையில் மலைபோல் ஒருவர் நின்றார். அதே சத்னாம் சிங். கையில் பந்து இல்லை. சாமோவா ஜோ என்ற புகழ்பெற்ற மல்யுத்த வீரரைத் தாக்கிக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு இரவுகளுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள். "பந்து விளையாடப் போனவன் கடைசியில் கூத்தாடியாகிவிட்டான்" என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சத்னாமைப் பற்றி இந்த வாரம் எழுதத் தூண்டியவர் கேமரன் மலையில் ஒரு தாய். தானா ராத்தாவில் மாணவர்களுக்கான ஒரு நிகழ்ச்சியை வழிநடத்தப் போயிருந்தேன். முடிந்ததும் ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை. பக்கத்தில் மகன், 13 வயதில் ஆறடியை நெருங்கிக்கொண்டிருந்தான். "தம்பி, இவன் பந்து நல்லா போடுறானாம். விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பச் சொல்றாங்க. பந்து சோறு போடுமான்னு அவன் மாமா கேக்குறாரு. நீங்க ரேடியோல எத்தனையோ பேரோட பேசுறீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவருக்கு நான் சொன்னது சத்னாமின் கதையைத்தான். ஆனால் அது சத்னாமிடமிருந்து தொடங்குவதில்லை. அவருடைய அப்பா பல்பீர் சிங்கிடமிருந்து தொடங்குகிறது.

பல்பீரும் ஏழடிக்கு மேல் உயரம். இளம் வயதில் அவரைக் கூடைப்பந்து ஆடச் சொல்லி அழைத்தார்கள். அவருடைய அப்பா விடவில்லை. வயல் இருக்கிறது, விளையாட்டு எதற்கு என்பது அந்த வீட்டின் கணக்கு. பல்பீர் கோதுமை விவசாயத்திலேயே இருந்துவிட்டார், மாவு மில் நடத்தினார். அந்த ஊரிலேயே மிக உயரமான மனிதர், உயரத்தைப் பயன்படுத்த வாய்ப்பில்லாமலே வாழ்ந்தார்.

கேமரன் மலைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். கொழுந்து பறிக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறோம். செடிக்கு அது சரி. பிள்ளைகளையும் நம் கைக்கு எட்டும் உயரத்திலேயே நிறுத்திவிடுகிறோமா என்பதுதான் கேள்வி.

பல்பீர் தன் மகனுக்குக் கவ்வாத்து வெட்டவில்லை. பத்து வயதளவில் சத்னாமை லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே பையனைச் செதுக்கியவர் மூத்த பயிற்றுநர் சங்கரன் சுப்பிரமணியம். 2010இல், 14 வயதில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி பயிற்சிக் கழகத்துக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆங்கிலம் தெரியாமல் விமானம் ஏறிய பையன், மொழியையும் ஆட்டத்தையும் ஒன்றாகக் கற்றான். ஐந்து ஆண்டுகளில் அந்த 52ஆவது இடம்.

பல மேடைகளில் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. கைதட்டல், சுபம். உண்மையில் சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தேர்வாவது வேறு, ஆடுவது வேறு. என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூடச் சத்னாம் களமிறங்கவில்லை. டல்லாஸ் குழுவின் துணைக் குழுவான டெக்சஸ் லெஜெண்ட்ஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். அங்கும் கிடைத்த ஆட்ட நிமிடங்கள் மிகக் குறைவு. நவீனக் கூடைப்பந்தில் உயரத்தைவிட வேகத்துக்கும் தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் போடும் திறமைக்கும் மதிப்பு கூடிக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் இந்தியாவில் ஆடினார், கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் குழுவுக்குப் போனார்.

2019 நவம்பரில் பெரிய அடி. ஊக்கமருந்துச் சோதனையில் ஹைஜெனமைன் என்ற தடை செய்யப்பட்ட பொருள் அவர் உடலில் இருப்பது தெரிந்தது. இரண்டாண்டுத் தடை. ஹைஜெனமைன் சில தாவரங்களிலும், கடைகளில் கிடைக்கும் சில சத்துப் பொருள்களிலும் இருப்பது. ஜிம்முக்குப் போகும் தம்பி தங்கைகளே, டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் குடியுங்கள். போட்டியில் ஆடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் வாயிலேயே வைக்காதீர்கள்.

செய்யத் தெரிந்த ஒரே வேலைக்குத் தடை. நம்மில் பலருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். நிறுவனம் மூடப்படும், ஆள் குறைப்பு நடக்கும், படித்த துறையே காணாமல் போகும். அப்போது "இனி நான் யார்?" என்ற கேள்வி வரும். தடை முடியும் தறுவாயில், 2021 செப்டம்பரில், சத்னாம் ஏஇடபிள்யூ மல்யுத்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இந்த வகை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே எழுதப்படுகிறது. அதனால் அது பொய் என்கிறார்கள். முடிவு எழுதி வைத்ததுதான். ஆனால் விழும் உடம்பு உண்மையானது. எதிரில் இருப்பவருக்கு எலும்பு முறியாமல் அவரைத் தூக்கிப்போடத் தெரிய வேண்டும். எப்போது முறைப்பது, எப்போது அசையாமல் நிற்பது என்று கற்க வேண்டும். ஒலிவாங்கியை வைத்துப் பிழைக்கும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. நல்ல குரல் இருந்தால் நேயர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். நாளையும் அவர் வர வேண்டுமென்றால் உழைக்க வேண்டும். ஏழடி உயரமும் அப்படித்தான்.

சத்னாமுக்கு ஓராண்டு முன்னால், 2021 மார்ச்சில், அதே ஏஇடபிள்யூ மேடையில் ஏறி ஆடியவர் ஷக்கீல் ஓ'நீல். 19 பருவங்கள், நான்கு என்பிஏ வெற்றிக் கிண்ணங்கள். ஆட்டக்காரராக இருந்தபோதே 1993இல் ராப் இசைத்தொகுப்பு வெளியிட்டார், அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சினிமாவில் நடித்தார். 'கசாம்' படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், மனிதர் சளைக்கவில்லை. 2011இல் ஓய்வு பெற்றதும் தொலைக்காட்சி விமர்சகராக உட்கார்ந்துவிட்டார். இன்று இசை விழாக்களில் டிஜேயாகவும் நிற்கிறார்.

நான் அதிகம் பேச விரும்புவது அவருடைய இன்னொரு பக்கம். ஷக்கீல் பட்டப்படிப்பை முடிக்காமல் 1992இல் என்பிஏவுக்குப் போனார். முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2000 டிசம்பரில், கோடிகளில் சம்பளம் வாங்கும் காலத்தில், ஒரு லீக் ஆட்டத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கினார். பிறகு முதுகலை, 2012இல் கல்வியியலில் முனைவர் பட்டம். முதல் மேடை வெளிச்சமாக இருக்கும்போதே இரண்டாவது மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தவர் அவர். சத்னாமுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. முதல் மேடை சரிந்த பிறகுதான் அடுத்ததைக் கட்டினார். ஆனாலும் கட்டினார்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "அனுப்புங்கம்மா. ஆனா பந்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க." நம் நாட்டில் கூடைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலர். மலேசிய டிராகன்ஸ் குழு 2016இல் ஆசியான் லீக்கையே வென்றது, இருந்தும் நிலைமை இதுதான். விளையாட்டுப் பள்ளியிலும் எஸ்.பி.எம். உண்டு. அதை விட்டுவிடக் கூடாது. மலாயும் ஆங்கிலமும் நாக்கில் ஏற வேண்டும். பந்தைத் தவிர வேறு எது பிடிக்கும் என்று வீட்டில் யாராவது அவனைக் கேட்க வேண்டும்.

நானே கேட்டேன். பையன் முதல் முறையாக நிமிர்ந்தான். "வீடியோ எடிட் பண்ணப் பிடிக்கும்ண்ணே" என்றான். அம்மாவுக்கு அது புதுச் செய்தி.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கலாம். உயரமாக, வேகமாக, நன்றாகப் பாடிக்கொண்டு, அல்லது எந்நேரமும் படம் வரைந்துகொண்டு. இன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் வரும். "வேறு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுமையாகக் காத்திருங்கள்.