ஜெபம் முதலா, சீரியல் முதலா? குமரி கிறிஸ்தவ வீடுகளில் தினமும் 7 மணிக்கு நடக்கும் பஞ்சாயத்து

நாகர்கோவில்:

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் பாயை விரித்து, மெழுகுதிரி ஏற்றி, வீட்டில் எல்லாரும் முட்டி போடுவது குமரி மாவட்டத்தில் பழைய பழக்கம். கடலோர கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. சி.எஸ்.ஐ. வீடுகளில் ஒரு பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் 100 பேரில் 47 பேர் கிறிஸ்தவர்கள். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் 100-க்கு 6 பேர்தான். அதனால் இது ஏதோ நாலு வீட்டு விவகாரம் இல்லை.

அந்த ஜெப நேரத்தை இப்போது டி.வி.யும் செல்போனும் பங்கு கேட்கின்றன. பழி எல்லாம் சீரியல் மேலே விழுகிறது. ஆனால் கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பித்துவிட்டது.

தூர்தர்ஷன் காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்'. தவக்காலத்தில் அதே வெள்ளிக்கிழமைதான் கோயிலில் சிலுவைப்பாதை. 1987-ல் 'ராமாயணம்' தொடர் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். ஆராதனைக்கு கிளம்புற நேரம்! ஆனாலும் அப்போது தெருவுக்கு ஒரு டி.வி. இருந்தாலே பெரிசு. எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

1993-ல் சன் டி.வி. வந்தது. 1999 கடைசியில் 'சித்தி' வந்தாள். 2006-ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்ததும் ஓட்டு வீடு, ஓலை வீடு எல்லாத்திலும் பெட்டி உட்கார்ந்துகொண்டது. யாரும் ஜெபத்தை நிறுத்தவில்லை. நேரத்தை மட்டும் தள்ளினார்கள். 53 மணி ஜெபமாலை சில வீடுகளில் 10 மணியாக சுருங்கியது. முழுசாக சொன்னால் 20 நிமிஷம். அதுக்குள் ரெண்டு விளம்பர இடைவேளை போய்விடுமே!

எல்லாரும் சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று இருக்கிறது. குடும்ப ஜெபத்தை குறைத்ததில் சீரியலுக்கு மட்டும் இல்லை, டி.வி.யில் வரும் ஜெப நிகழ்ச்சிகளுக்கும் பங்கு உண்டு. பாட்டி காலையிலேயே கிறிஸ்தவ சேனலை போட்டுவிடுவார். போதகர் ஜெபிப்பார், பாட்டி ஆமென் சொல்வார். "அதான் ஜெபம் ஆயிட்டுதே" என்று சாயங்காலம் மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். ஜெபிக்கிற வீடு, ஜெபத்தை பார்க்கிற வீடாகிவிட்டது. படுத்த படுக்கையாக கிடக்கிறவர்களுக்கு அந்த சேனல்தான் கோயில் என்பதையும் மறுக்க முடியாது.

நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்பே பிள்ளைக்கு ஜெபம் மனப்பாடம். யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது இல்லை, தினமும் காதில் விழுந்தது. இப்போது யூடியூபில் வருகிற புதுப் பாட்டு ஒன்று விடாமல் தெரிகிறது. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையை எடுத்தால் ஆச்சியும் தாத்தாவும் மட்டும்தான் பாடுகிறார்கள்.

டி.வி. ஒன்றுதான் இருந்தபோது சண்டையும் ஒன்றுதான். அணைத்தால் தீர்ந்தது. 2016-ல் மலிவு விலை நெட் வந்த பிறகு ஆளுக்கு ஒரு செல்போன். எதை அணைப்பது? 2020 ஊரடங்கில் கோயில்களை மூடியபோது ஏப்ரல் 12 ஈஸ்டர் திருப்பலியே செல்போனில்தான். "செல்லை வை" என்று பிள்ளையை அதட்டின பெரியவர்கள் கையிலும் அன்றைக்கு செல்தான்!

அதே செல்போனால் நல்லதும் நடக்கிறது. அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். வீடியோ காலில் அவரையும் சேர்த்து வைத்து ஜெபம் சொல்கிற குடும்பங்கள் உண்டு. போனை மாதா படத்துக்கு பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவார்கள்.

பக்கத்து கேரளாவில் கோதமங்கலம் மறைமாவட்டம் 2023 தவக்காலத்தில், இறைச்சி, மீனோடு செல்போனையும் சீரியலையும் குறைக்கச் சொன்னது. நம்மூர் பிரசங்கங்களிலும் இந்த பேச்சு வராமல் இல்லை. கேட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் கடைப்பிடித்தார்கள் என்பது அவரவர் ரிமோட்டுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அன்பியத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வார்கள். யார் வீட்டு முறையோ அந்த வீட்டில் அன்றைக்கு டி.வி. ஓடாது. ஊரே வந்து உட்கார்ந்திருக்கும்போது எப்படி போடுவது? மறுநாள் பார்த்தால், விட்டுப்போன எபிசோடை செல்லில் தேடிக்கொண்டிருப்பார்கள்.