எண் தீர்ப்பாகுமா?



புனே நகரில் "முழு உடற் பரிசோதனை" விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்கான தொகுப்புகள் சிலவற்றில் ‘சி.ஏ. 125’ என்னும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே வருகிறது. ஊரிலுள்ள பெற்றோரோ அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பி, "நீ படித்த பிள்ளையாயிற்றே, பார்த்துச் சொல்" என்கின்றனர். நாம் என்ன சொல்லப் போகிறோம்?

சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் மிகுகின்ற ஒரு புரதத்தை அளப்பதே இச்சோதனை. அதைக் காட்டும் எதிர்ப்பொருளை 1981-இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். பெயரிலுள்ள 125 இரத்த அளவன்று. அவர்கள் உருவாக்கிய எதிர்ப்பொருள்களுள் அதன் வரிசை எண். மில்லிலிட்டருக்கு 35 அலகு வரை இயல்பு என்பது வழக்கம்.

35-ஐத் தாண்டினால் புற்றுநோய்தானா? அல்ல. மாதவிடாய், கருவுற்ற காலம், கருப்பைக் கட்டி, கல்லீரல் நோய் ஆகியவற்றிலும் எண் ஏறும். நம் நாட்டில் மறக்கலாகாதது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, எண் நூற்றுக்கணக்கில் ஏறி, புற்றுநோய் போலவே மயக்கும். ஆனால் காசநோய் மருந்தால் குணமாகும். திசுச் சோதனையே ஐயம் தீர்க்கும். மறுபுறம், தொடக்க நிலைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எண் ஏறுவதே இல்லை!

பிரிட்டனில், நோய்க்குறி இல்லாத 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு பெரிய ஆய்வொன்று நடந்தது. ஆண்டுதோறும் இச்சோதனை செய்தும் இந்நோயால் நேரும் சாவு குறையவில்லை என்பது 2021-இல் வெளியான முடிவு. ஆகவே, நலமாயிருக்கும் அன்னைக்கு இதைப் பரிசாக வாங்கித் தருவது வேண்டாத செயல் என்பேன். வீண் அச்சமும் வேண்டாத அறுவையும் விளையலாம். "எண் சரியாக இருக்கிறது" என்ற பொய்யான நிம்மதியோ அதனினும் கொடிது.

அப்படியாயின் சோதனை பயனற்றதா? அதுவும் அன்று. நோய் உறுதியானவருக்கு மருந்து பலிக்கிறதா என்பதை எண்ணின் ஏற்ற இறக்கம் காட்டும். ஒரு நாள் எண்ணைவிட, அடுத்தடுத்த எண்களின் போக்கே மருத்துவருக்கு வழிகாட்டி.

நம் கடமை வேறு. வயிற்று உப்புசம், சிறிதே உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் நம் தாய்மார் "வாயுத் தொல்லை" என்று கஷாயம் குடித்து ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு விடலாகாது. மகளிர் மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்; ஸ்கேனும் இச்சோதனையும் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். குடும்பத்தில் எவருக்கேனும் சினைப்பையிலோ மார்பிலோ புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் கேளாதீர்கள். அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.