பாலத்து வெல்டிங் மீது சந்தேகம், பள்ளிக்கூடக் கூரை மீது நம்பிக்கையா?

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே நான், இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, ஊரெல்லாம் சுற்றும் அந்தப் பாம்பன் செய்தி: வெள்ளைக்காரன் ரிவெட் அடித்துக் கட்டிய பாலம் நூறு வருஷம் நின்றதாம், புதுப் பாலம் வெறும் வெல்டிங்காம், எத்தனை நாள் தாங்குமோ என்று கவலை. அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல். இரண்டாவது, பள்ளியின் பிரார்த்தனை மைதானத்துக்கு நாம் போடப்போகும் இரும்புக் கூரையின் எஸ்டிமேட். அதில் 'வெல்டிங் பரிசோதனை' என்றிருந்த வரியைக் கமிட்டி அடித்துவிட்டது. அனாவசியச் செலவாம்.

முதல் செய்திக்குக் கைதட்டியவர்களே இரண்டாவதற்கும் சரி சொல்லியிருக்கிறீர்கள். சோதித்துப் பார்த்த வெல்டிங்கை நம்ப மாட்டீர்கள், சோதிக்காத வெல்டிங்கின் கீழே பிள்ளைகளை உட்கார வைப்பீர்கள். இது என்ன கணக்கு?

முதலில் பாம்பன். 1914-இல் திறந்த பழைய பாலம் அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் 1964 டிசம்பர் புயலில் அதன் பெரும்பாலான கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைத் திரும்ப நிமிர்த்தினார்கள். பிறகும் இடைவிடாத பராமரிப்பு. கடைசியில் உப்புக்காற்றுத் துரு முற்றி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அந்தப் பாலத்தை நூறு வருஷம் காப்பாற்றியது வெறும் ரிவெட் அல்ல, விடாமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள்.

ரிவெட்டுக்கு நல்ல குணம் உண்டு. பழுக்கக் காய்ச்சி அடித்த ஆணி ஆறும்போது சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கும். ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அதன் ஓரத்தோடு நிற்கும், அடுத்த தகட்டுக்குத் தாவாது. ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் துளை போட வேண்டும், துளை போட்ட இடத்தில் தகடு பலம் குறையும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடு வைப்பதால் எடை கூடும். இடுக்கில் உப்புநீர் புகுந்தால் பெயின்ட் பிரஷ் எட்டாத இடத்தில் துரு பிடிக்கும். வெல்டிங்கில் துளையும் இல்லை, இடுக்கும் குறைவு. இரண்டு துண்டும் ஒரே உலோகமாகிவிடும். அதன் பலம் அதுதான். ஆபத்தும் அதுதான், விரிசல் விட்டால் தடுத்து நிறுத்த நடுவில் எதுவும் இல்லை.

இந்த ஆபத்தை உலகம் பட்டுத்தான் கற்றது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அலையில்லாத துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ஷெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் வெல்டரைத் திட்டினார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி ஆராய்ந்து, அந்தக் காலத்துக் கப்பல்களின் எஃகே குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் குணமுடையது என்று காட்டினார். இன்று கட்டமைப்பு எஃகுக்கான நம் ஐ.எஸ். 2062 தரத்தில், சில வகைகளைச் சுழியம் டிகிரியிலும் மைனஸ் 20 டிகிரியிலும் வைத்துச் சுத்தியலால் அடித்துச் சோதிப்பது அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான்.

1980 மார்ச் 27. வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் தங்குதளம் கவிழ்ந்து, 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். மூலகாரணம் எது தெரியுமா? கடலடி ஒலி கேட்கும் ஒரு கருவியைத் தாங்குவதற்காக வைத்த 6 மில்லிமீட்டர் வெல்டிங். பாரம் தாங்காத வேலைதானே என்று யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அங்கே பிறந்த விரிசல் வளர்ந்து, தளத்தின் கால்களை இணைத்த குழாய் ஒன்றையே முறித்தது.

1994-இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டடங்களில் தூணும் உத்தரமும் சேரும் வெல்டிங்கில் விரிசல் கண்டார்கள். அதற்காக வெல்டிங்கையே கைவிட்டார்களா? இல்லை. உடையாத குணமுள்ள ராடுகளைத் தேடினார்கள். தூணை ஒட்டி உத்தரத்தின் விளிம்பைக் கொஞ்சம் குறுக்கி வெட்டினார்கள், வளைய வேண்டுமானால் அது அங்கே வளையட்டும், இணைப்பு தப்பிக்கட்டும் என்று. தவறை ஒப்புக்கொண்டதால் பிறந்த புதுமை அது.

இப்போது புதிய பாம்பன். 2025 ஏப்ரலில் திறந்தது. நடுவில் செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி. அதன் வெல்டிங் இணைப்புகளை 'ஃபேஸ்ட் அரே' என்ற மீயொலி முறையில் சோதித்தார்கள். திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அதில் பங்கு உண்டு. வயிற்றை ஸ்கேன் பார்க்கிற மாதிரிதான். வரிசையாக அடுக்கிய சிறு படிகங்களை நுண்ணிய கால இடைவெளி விட்டு இயக்கி, ஒலிக்கற்றையை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, உள்ளே ஒளிந்த வெடிப்பைப் படமாகப் பார்ப்பது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024-இல் அந்தப் பாலத்தில் குறைகளைச் சுட்டிக்காட்டியதும் உண்மைதான். அதைக் கேட்டு நான் பயப்படவில்லை, நிம்மதியடைந்தேன். கண் வைத்துப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா?

நம் கூரையை யார் பார்க்கப் போகிறார்கள்?

"சார், அது பாலம், இது வெறும் ஷெட்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி, 2018-இல் கஜா அடித்தபோது தகரக் கூரைகள் பறந்ததை மறந்துவிட்டாயா? கூரை என்றால் எடை கீழே அழுத்துவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். புயல் அதை மேலே உறிஞ்சும். அந்த நேரத்தில் தூணின் அடித்தகட்டிலும், தூணும் ரஃப்டரும் சேரும் இடத்திலும் உள்ள வெல்டிங்தான் கூரையைப் பிடித்து வைக்க வேண்டும். அந்த இடத்தில் உள்ளே உருகிச் சேராமல் மேலே மட்டும் பூசியிருந்தால்? கிரைண்டர் ஓட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் எந்த இன்ஜினியர் கண்ணுக்கும் தெரியாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வாங்கும் இரும்புக்கு ஆலையின் சோதனைச் சான்று கேளுங்கள். முடிந்தவரை பட்டறையிலேயே தரையில் வைத்து வெல்டிங் முடித்து, மைதானத்தில் போல்ட் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் வெல்டர் ஒரு மாதிரித் தகடு ஒட்டட்டும், அதை வளைத்துப் பாருங்கள். 7018 ராடு என்றால் அதை அடுப்பில் உலர்த்தித்தான் பயன்படுத்த வேண்டும். ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய், இன்று நன்றாக இருக்கும் வெல்டிங் நாளை மறுநாள் வெடிக்கலாம். பெயின்ட் அடிக்கும் முன் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை மருந்து அடித்துப் பார்க்கலாம். வெடிப்பு மேலே வந்திருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். முக்கிய இணைப்புகளுக்கு மட்டும் மீயொலிச் சோதனை. திறப்பு விழாவுக்கு ஒதுக்கிய மேடை, மாலை, பொன்னாடைச் செலவைப் பாதியாக்கினாலே இதில் பெரும்பகுதி வந்துவிடும். எஸ்டிமேட்டில் அந்த வரியை மட்டும் யாரும் அடிக்கவில்லை!

இன்னொன்று. "வெல்டர்தானே, யாரையாவது பிடித்துக்கொள்ளலாம்" என்றும் ஒருவர் எழுதினார். இதில் எனக்கும் பங்குண்டு. படிக்காவிட்டால் வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்று எத்தனையோ முறை வகுப்பில் மிரட்டியிருக்கிறேன். தவறு. உச்சி வெயிலில் சாரத்தில் தொங்கிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி வழியே உருகும் உலோகத்தை மட்டும் பார்த்து, கை நடுங்காமல் இழுப்பது படிப்பறிவில்லாத வேலை அல்ல. நல்ல வெல்டருக்கு நல்ல கூலி கொடுங்கள். அவர் வேலையைச் சோதியுங்கள், அது அவமானம் இல்லை. நன்றாக எழுதிய மாணவன் விடைத்தாள் திருத்துவதற்குப் பயப்பட மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. அடித்த வரியைத் திரும்ப எழுதுங்கள். எழுதும்வரை என் பங்குப் பணம் என்னிடமே இருக்கும். மறுப்பவர்கள் கீழே எழுதலாம். காரணம் சொல்லி எழுதுங்கள், கைதட்டும் படம் போட வேண்டாம்.