ஜூலையில் உப்புத்தாளை எடுக்காதீர்கள்

மொன்றியலில் பூல் கியூ பழுதுபார்க்கும் கடைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும் முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணை, கோல் தடிச்சுப் போச்சு, கையில ஒட்டுது, ஒருக்கா சுத்தம் செய்து தாங்கோ." கடைக்காரரும் கோலின் முன்பகுதியான ஷாஃப்ட்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றிப் பிடித்து, புதுமரம் போல வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுகிறார். இருபது நிமிட வேலை, இரு தரப்புக்கும் திருப்தி. ஆறு மாதம் கழித்து, ஜனவரியில், அதே ஷாஃப்ட் மெலிந்து, நுனி வளையமான ஃபெரூலின் விளிம்பு நகத்தில் தட்டுப்படும் நிலையில் திரும்பி வரும்போது பழி மரத்தின் மேலோ அதை விற்றவர் மேலோ விழுகிறது. கோடையில் பிடித்த அந்த உப்புத்தாளை யாரும் நினைப்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். நம் ஷாஃப்ட்டுகள் பெரும்பாலும் சர்க்கரை மேப்பிள், இந்த மாகாணத்தில் பாகு வடிக்கும் அதே மரம். பச்சை மரம் முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தையொட்டிய திசையில் சுமார் 9.9 விழுக்காடும், மையத்தை நோக்கிய திசையில் சுமார் 4.8 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல. அறுத்துப் பதப்படுத்திய பிறகும் இந்த அசைவு நிற்பதில்லை. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் ஏற்றுக்கொண்டும் இறக்கிக்கொண்டும்தான் இருக்கும்.

இங்கே ஜனவரியில் வெளியே மைனஸ் 10 பாகையில், தாங்கக்கூடிய அவ்வளவு ஈரத்தோடும் இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 10 விழுக்காடு அளவுக்கு விழுந்துவிடும். சூடேற்றி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று பலரும் சொல்வது சரியல்ல. அந்தக் குளிர்காற்றில் ஈரம் முதலிலேயே அவ்வளவுதான் இருந்தது. சமையல், மூச்சு, ஈரமூட்டும் கருவி எல்லாம் சேர்ந்து 20, 25 வரை தூக்கும். அந்த நிலையில் மேப்பிளின் உள்ளீரம் எடையில் சுமார் ஐந்தரை விழுக்காடு இருக்கும். ஜூலையில் 65 விழுக்காட்டு ஈரக்காற்றில் அது 12-ஐ நெருங்கும். 13 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் இந்த வித்தியாசம் ஒரு திசையில் கால் மில்லிமீட்டரையும் மறு திசையில் அதில் பாதியையும் எட்டக்கூடும். வட்டமாக இருந்தது கொஞ்சம் முட்டை வடிவமாகும். உண்மைதான், முழு அசைவும் வர வாரக்கணக்கில் ஆகும், பூச்சு அதைத் தாமதப்படுத்தும், குளிரூட்டிய கூடத்திலேயே கிடக்கும் கியூ இதில் பாதிகூட அசையாது. ஆனால் நம் மேசைக்கு வருவது அந்தக் கியூ அல்ல. கியூபெக்கில் ஜூலை 1 வீடு மாறும் நாள். அதையொட்டி நிலவறை அலமாரிகளிலிருந்து வெளியே வரும் கியூக்கள்தான் கோடை வேலையில் பெரும்பங்கு, மொன்றியல் நிலவறையின் கோடை ஈரத்தை இங்கே குடியிருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, "தடிச்சுப் போச்சு" என்று ஆட்டக்காரர் சொல்வது பிரமையல்ல, கோல் தடித்துத்தான் இருக்கிறது. தடித்தது தண்ணீரால். நாம் சுரண்டி எடுப்பதோ மரத்தை. மாரியில் தண்ணீர் போனபின் எடுத்த மரம் திரும்பி வராது. உருளையான கோலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 13 மில்லிமீட்டர் 12.75 ஆனால் அந்த இடத்தில் விறைப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும், 12.5 ஆனால் 14 விழுக்காட்டுக்கு மேல். பக்கச் சுழல் கொடுக்கும்போது வெள்ளைப் பந்து விலகும் அளவும் கூடவே மாறும். பத்து வருடம் ஆடிப் பழகிய கை அதை முதல் அடியிலேயே கண்டுகொள்ளும், ஆனால் காரணம் சொல்லத் தெரியாது.

சோதிக்க எளிய வழி ஃபெரூல்தான். பிளாஸ்டிக் வகை ஃபெரூல் மரத்தைப் போல ஈரம் குடித்துப் பருக்காது. கோடையில் மரம் அதைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும், மாரியில் ஃபெரூல் உயர்ந்து நிற்கும். இரண்டையும் ஜூலையில் சமப்படுத்துகிற கடைக்காரர், ஜனவரியில் தட்டுப்படப்போகும் விளிம்பைத் தன் கையாலேயே செதுக்கி வைக்கிறார்.

அப்படியானால் ஒட்டுகிற அழுக்கை என்ன செய்வது? அது என்ன அழுக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். 1897-ல் வில்லியம் ஸ்பிங்ஸும் வில்லியம் ஹோஸ்கின்ஸும் காப்புரிமை பெற்றதிலிருந்து நாம் கியூ நுனியில் பூசும் சாக் பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக்கட்டி அல்ல. அது சிலிக்காவும் குருந்தக்கல் தூளும் சாயமும் சேர்ந்த கட்டி. அந்தத் தூள் வியர்வையோடும் தோல் எண்ணெயோடும், சிலர் தாராளமாக அப்பும் டால்கம் பவுடரோடும் குழைந்து படலமாகிறது. இந்தப் படலம் மரத்தின் மேலேதான் இருக்கிறது, ஆகவே துடைத்தால் போகும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தித் துடைப்பவரின் ஷாஃப்ட் கடைக்கே வராது. ஒட்டல் மிஞ்சினால், நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் ஒரே ஓட்டம், உடனே உலர்துணி, பிறகு தோல்துண்டைச் சுற்றி உள்ளங்கை சூடு பொறுக்காத அளவுக்கு வேகமாகத் தேய்ப்பு. எழும்பிய நார் படிந்து, மரம் கண்ணாடி போலாகும். பழைய கூடங்களில் இதற்குப் பணத்தாளைப் பயன்படுத்தினார்கள். கனடாவில் 2011 நவம்பரில் நூறு டொலரில் தொடங்கி நோட்டுகள் எல்லாம் பொலிமருக்கு மாறிவிட்டதால் அந்த வித்தை இப்போது பலிக்காது, அமெரிக்க டொலர் வைத்திருப்பவர் செய்து பார்க்கலாம்.

சாயத்தின் நீலம் வேறு விடயம். அது நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டது, முழுக்க எடுக்க வேண்டுமென்றால் அந்த ஆழம் வரை மரத்தை எடுக்க வேண்டும். விட்டுவிடுங்கள். நீலம் பிடித்த ஷாஃப்ட் கெட்ட ஷாஃப்ட் அல்ல என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். வெள்ளை மெலமின் ஸ்பஞ்சு பார்வைக்குச் சாது, ஆனால் அதுவும் மிக நுண்ணிய உப்புத்தாளே. அதை நனைத்துத் தேய்ப்பவர் நாரையும் எழுப்பி மரத்தையும் தேய்க்கிறார். அல்ககோல் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும் என்பதால் பலருக்குப் பிடிக்கும், ஆனால் அரக்குப் பூச்சு போட்ட ஷாஃப்ட்டில் அது பூச்சையே கரைக்கும். சிலிக்கோன் கலந்த மெழுகு ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு, லின்சீட் எண்ணெய். அது ஸ்னூக்கரிலிருந்து வந்தது. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் தொடங்கி, பிறகு ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட அந்த ஆட்டத்தின் கோல் வழக்கமாக ஆஷ் மரம், திறந்த பெரிய துளைகள் கொண்டது. எண்ணெய் அதில் இறங்கி நிற்கும். மேப்பிளின் துளைகள் மிகச் சிறியவை, எண்ணெய் மேலேயே தங்கிப் பிசினாகும். சென்னை, கொழும்பு கிளப்புகளில் கற்ற கைப்பழக்கத்தை மொன்றியலின் பூல் கியூவுக்குக் கொண்டுவருபவர் அந்த மாதமே ஒட்டல் முறைப்பாட்டோடு வருவார். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பற்றும் என்பதையும் கடையில் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். விரித்து உலர்த்தியபின்தான் எறிய வேண்டும்.

மரம் தெரிந்த நம் ஆசாரிகள் வைரம் பாய்ந்த பாகத்தை எடுத்துக்கொண்டு வெளிப்புற வெள்ளையை ஒதுக்குவார்கள். கியூ மரத்தில் இது தலைகீழ். விரும்பப்படும் அந்த வெளுப்பு மேப்பிளின் வெளிமரத்துக்குரியது. அந்த வெள்ளைமேல் உள்ள மோகம்தான் வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப உப்புத்தாளிடம் அனுப்புகிறது.

1878-ல் அமெரிக்காவின் முதல் பதினைந்து பந்து பூல் சாம்பியன்ஷிப்பை வென்ற சிரில் டியோன் மொன்றியல்காரர். அவ்வளவு பழைய பூல் நகரத்துக்கு அதன் வானிலையையொட்டிய பராமரிப்பு முறை இன்னும் எழுதப்படவில்லை என்பது எனக்கு வியப்பு. கையேடுகள் எந்தத் தாளை எந்த வரிசையில் பிடிப்பது என்று சொல்கின்றன, எந்த மாதத்தில் என்று சொல்வதில்லை. என் யோசனை இது: மரத்தைத் தொட்டே ஆகவேண்டிய வேலை, அதாவது ஃபெரூல் மாற்றம், ஆழமான கீறல், புதுப்பூச்சு ஆகியவை, ஏப்ரல் கடைசியிலோ அக்டோபரிலோ செய்யப்படட்டும். அப்போது மரம் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கும். பள்ளம் மட்டும் என்றால் நீராவி போதும், நசுங்கிய நார் தானே எழும்பும். மாரியில் கார் டிக்கியில் கிடந்த கியூவைக் கூடத்துக்குள் கொண்டுவந்ததும் உறையைத் திறக்காமல் அரைமணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தில் நீர் பூத்து, துடைக்கப்போய் நார் எழும்பும்.

கடைக்கு ஒரு வேர்னியர் காலிப்பரும் ஒரு ஈரமானியும் போதும். கியூவை வாங்கும்போது ஃபெரூலுக்குக் கீழே ஓர் அங்குலத்திலும் பன்னிரண்டாம் அங்குலத்திலும் இரண்டு திசைகளில் விட்டத்தை அளந்து, மாதத்தையும் அன்றைய ஈரப்பதத்தையும் சேர்த்துப் பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி அளந்து அதன் கீழே எழுதுங்கள். "சுத்தம்" என்று ஒரே வரியில் கட்டணம் போடுவதை நிறுத்தி, துடைப்புக்கு ஒரு விலை, மரம் எடுப்பதற்கு வேறு விலை என்று பிரித்துப் போட்டால் எதைக் கேட்கிறோம் என்று ஆட்டக்காரருக்கும் தெரியும்.