படகோட்டிக்கும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்



சென்ற பள்ளி விடுமுறையில், மாக் மண்டினில் எங்கள் தாமானைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, பாலத்தைக் கடந்து தெலுக் பஹாங் சென்றோம். பினாங்குத் தேசியப் பூங்காவுக்கு அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து குரங்குக் கடற்கரைக்குப் படகில் போய், மாலையில் திரும்புவது திட்டம். மொத்தம் பதினான்கு பேர். அவர்களுள் அறுவர் பிள்ளைகள். நாசி லெமாக் பொட்டலங்கள், தண்ணீர்ப் புட்டிகள், பாய், பந்து என்று ஒரு வீட்டையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தோம்.

படகை ஓட்ட வந்தவன் ஒரு பையன். பதினாறு அகவை இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். உயிர்காப்பு அங்கிகள் முன்பலகையின் அடியில் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. எடுத்து எண்ணினேன். ஏழு. அவற்றுள் இரண்டிற்குக் கொக்கி இல்லை. பிள்ளைகள் அணியும் அளவில் ஒன்றுகூட இல்லை. மற்றவை எங்கே என்று மலாயில் கேட்டேன். "தாக் அப்பா, சிக்கு. டெக்காட் சாஜா" என்றான். பரவாயில்லை ஆசிரியரே, பக்கந்தான்! (பிள்ளைகள் என்னைச் 'சார்' என்று அழைப்பதைக் கேட்டே நான் ஆசிரியன் என்று கண்டுகொண்டிருக்கிறான். கெட்டிக்காரப் பையன்தான்.)

நானும் ஏறிவிட்டேன். இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'பாதுகாப்பு' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை இட்டு வருபவன் நான்.

பாதி வழியில் எங்களைவிடப் பெரிய படகொன்று விரைந்து கடந்து சென்றது. அது எழுப்பிய அலை எங்களை நோக்கி வந்தது. பையனின் ஒரு கையில் கைப்பேசி. வேகத்தைக் குறைக்கவில்லை; படகின் முகத்தை அலைக்குத் திருப்பவுமில்லை. அலை பக்கவாட்டில் அறைந்தது. என்னிடம் மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி இருக்கைப் பலகையிலிருந்து தூக்கி வீசப்பட்டாள். முகவாய் படகின் விளிம்பில் மோதி, பாதி உடல் வெளியே தொங்கியது. அவள் தந்தை பாவாடையைப் பற்றி இழுத்தார். முகவாயில் நான்கு தையல். அவ்வளவோடு போயிற்று.

பள்ளி திறந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: "சார், அந்த அண்ணன் படகு ஓட்ட எங்கே படிச்சாரு?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் படகுத்துறையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு பேருந்து அமர்த்துகிறோம் என்றால் எத்தனை தாள்கள்! மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், பேருந்தின் பரிசோதனைச் சான்று, ஓட்டுநரின் உரிம நகல். இவை கோப்பில் இல்லாவிட்டால் தலைமையாசிரியர் கையொப்பமிட மாட்டார். அதே பிள்ளைகளை அதே பேருந்திலிருந்து இறக்கி, ஆழம் தெரியாத நீரின்மேல் ஒரு படகில் ஏற்றும்போது மட்டும் நம் வாய் அடைத்துப் போகிறது. தரையில் இருக்கும் அறிவு தண்ணீரைக் கண்டதும் கரைந்துவிடுகிறதா?

நம் நாட்டில் ஒருவன் சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்றாலும் வகுப்பில் அமர வேண்டும். கணினியில் 50 கேள்விகளுக்கு விடையளித்து 42 மதிப்பெண்ணாவது பெற வேண்டும். தமிழிலும் அத்தேர்வை எழுதலாம். பிறகு 'எல்', பிறகு 'பி' என்று படிப்படியாகத்தான் மேலே வர முடியும். ஆனால் பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் நான் பன்முறை கண்ட காட்சி வேறு. வாடகைப் பணம் கை மாறுகிறது. "இது விசை, இது நிறுத்தம்" என்று இரண்டு நிமிடப் பாடம். அடுத்த நொடி ஒரு சுற்றுலாப் பயணி ஜெட் ஸ்கியில் ஏறிக் குளிப்பவர்களுக்கு நடுவே சீறிப் பாய்கிறார்!

"படகு ஓட்டுவதில் என்ன பெரிய கல்வி?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நீர்மேல் நம் இயல்பான அறிவு நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெட் ஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒருவர் வந்துவிட்டால் பழகாதவர் என்ன செய்வார்? அஞ்சி விசையை விட்டுவிடுவார். ஜெட் ஸ்கி திரும்புவதே பின்னால் பீய்ச்சும் நீரின் விசையால்தான். விசையை விட்டதும் அது திரும்பும் ஆற்றலையும் இழந்து, கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் நேராகப் போய் மோதும். ஒதுங்க வேண்டுமாயின் விசையைச் சிறிது கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். இதை எவராவது சொல்லிக் கொடுத்தாலன்றி யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. நம் நாட்டுச் சாலைகளில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் நாம். 1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இரு விசைப்படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே சந்தித்தால், எதிர்ப்படகைத் தன் வலப்புறத்தில் காண்பவரே வழிவிட வேண்டும். சாலையில் பழகிய கை, ஆபத்து வரும் நொடியில் தவறான பக்கமே போகும்.

மூன்றாவது, பயணிகளின் இயல்பு. அழகான ஒன்று தெரிந்தால் எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வோம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்னிகா' என்னும் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்ததாகக் கூறப்பட்டது. எடை உயர உயர, ஓரமாகப் போகப் போக, படகு நிமிரும் வலிமையை இழக்கிறது. 'உட்காருங்கள்' என்று அதட்டும் அதிகாரமும், ஏன் அதட்ட வேண்டும் என்னும் அறிவும் ஓட்டுநருக்கு இருக்க வேண்டாமா?

எங்கள் படகின் இயந்திரத்தோடு ஒரு சிவப்புச் சுருள்கயிறும் இருந்தது. ஓட்டுபவர் அதைத் தம் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் நீரில் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு இயந்திரம் நின்றுவிடும். ஆளில்லாப் படகு வட்டமிட்டு வந்து அவரையே வெட்டாது. எங்கள் பையன் அக்கயிற்றை இயந்திரத்தின் கைப்பிடியில் சுற்றி வைத்திருந்தான். அது எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை. அன்று எனக்கும் தெரியவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். "அவர்கள் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், சார். தொட்டிலிலிருந்தே கடல் தெரியும். அவர்களுக்குத் தாள் எதற்கு?" மீனவர்களின் கடலறிவை நான் வணங்குகிறேன். காற்றின் மணத்திலேயே மழையைச் சொல்லும் பெரியவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் வலை ஏற்றிச் செல்வது வேறு, நீந்தத் தெரியாத பதினான்கு பேரை ஏற்றிச் செல்வது வேறு. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 மாலை கவிழ்ந்த உல்லாசப் படகு, மீன்பிடிப் படகொன்றை மாற்றியமைத்துச் செய்யப்பட்டதே. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். ஓட்டியவரிடம் அதற்குரிய உரிமமில்லை என்பதும் பின்னர் தெரிய வந்தது. 22 பேர் மாண்டனர். அவர்களுள் 11 பேர் ஒரே குடும்பத்தினர். தமிழ்நாட்டில் பழவேற்காட்டு நீரில் 2011 கிறிஸ்துமஸ் நாளன்று மாண்டவர்களும் 22 பேரே.

"உரிமம் என்பது வெறும் தாள், காசு கொடுத்தால் கிடைக்கும்" என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. எனவே இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கனடாவில் 1999 முதல் படிப்படியாகக் கொண்டுவந்து, 2009 செப்டம்பர் முதல் விசைப்படகு ஓட்டும் எல்லாரும் தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அத்தேர்வை இணையத்திலேயே எழுதிவிடலாம். அட்டை ஆயுளுக்கும் செல்லும். நீரில் கால் நனைக்காமலே ஒருவர் அதைப் பெற்றுவிட முடியும் என்பது என்னை உறுத்துகிறது. பக்கத்துச் சிங்கப்பூரில் 16 அகவை நிறைந்தவர்களே விசை உல்லாசப் படகு ஓட்டும் உரிமம் பெறலாம். அதற்குப் பாடமும் தேர்வும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில், 2005இல் படகு விபத்தில் இறந்த 11 அகவைச் சிறுமியின் பெயரால் 2019இல் 'பிரியான்னா சட்டம்' இயற்றப்பட்டது. அச்சிறுமியின் தாய் பல்லாண்டுகள் போராடிப் பெற்ற சட்டம் அது. 2025 தொடக்கம் முதல் அங்கே எந்த அகவையினரும் பாதுகாப்புப் பாடம் படித்த சான்றின்றி விசைப்படகு ஓட்ட முடியாது.

பாடம் பயன் தருமா என்று ஐயுறுவோருக்கு ஓர் எண்ணிக்கை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உல்லாசப் படகு விபத்துகளில் 636 பேர் இறந்தனர். ஓட்டுநரின் பயிற்சி பற்றிய விவரம் தெரிந்த இறப்புகளில் 74 விழுக்காடு, பாதுகாப்புப் பாடம் பெறாதவர் ஓட்டிய படகுகளில் நேர்ந்தவை. மூழ்கி இறந்தோருள் விவரம் தெரிந்தவர்களில் 85 விழுக்காட்டினர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் இயல்பிலேயே கவனமானவர்களாக இருக்கலாம் என்று வாதிடலாம்தான். இருக்கட்டுமே! கவனமானவர் கையில் என் மாணவியை ஒப்படைக்கத்தானே நானும் விரும்புகிறேன்?

மூன்றாவது மறுப்பு நம்மவர்களுக்கே உரியது. "படகு வைத்திருக்கும் தமிழர்கள் எத்தனை பேர்? இது நம் சிக்கலா?" ஐயா, நாம் படகின் உரிமையாளர்கள் அல்லர், பயணிகள். பெர்ஹெந்தியான் தீவருகே 2025 ஜூன் மாத இறுதியில் இரவு நேரத்தில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து மூவர் இறந்தனர். மூவரும் நம் இனத்தவர். அவர்களுள் இருவர் பிள்ளைகள். உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்றே காவல்துறை கூறியது. இன்னும் இது நம் சிக்கல் இல்லையா?

'பக்கந்தான்' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 2010 ஜனவரி 17 அன்று, ஜோர்ஜ்டவுனில் மெக்காலம் தெருக் கரைக்கு அருகே, துடுப்பிட்டுச் செல்லும் டிராகன் படகு ஓர் இழுவைப் படகில் மோதிக் கவிழ்ந்தது. ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் மாண்டனர். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம். குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் படகு 2024 ஜனவரி 18 அன்று கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் திரும்பவில்லை. அது கடல்கூட இல்லை, நகரத்து ஏரி. அங்கும் அளவுக்கு மீறிய ஆட்கள். எல்லாருக்கும் அங்கி இல்லை. அந்த இரண்டு ஆசிரியைகளும் காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர்களைச் சரிபார்த்துத்தான் புறப்பட்டிருப்பார்கள். இதை எண்ணும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை.

பட்டர்வொர்த்காரர்களுக்கு எண்ணிக்கையின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1988 ஜூலை 31 அன்று நம் ஃபெர்ரித் துறையில் கூட்டத்தின் எடை தாங்காமல் மேடை இடிந்து 32 பேர் மடிந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 'இத்தனை பேருக்கு மேல் கூடாது' என்று எழுதி வைப்பது அழகுக்காக இல்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். படகுக்கு உரிமம் வழங்கக் கடல்துறை இலாகா இருக்கிறது; வழங்கட்டும். ஆனால் படகின் தாள் படகின் பலகையைப் பற்றிப் பேசும். ஓட்டுபவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பேசாது. பயணிகளை ஏற்றுபவராயினும், அரை மணி நேரத்திற்கு ஜெட் ஸ்கியை வாடகைக்கு எடுப்பவராயினும், பாடம் கேட்டு, நீரில் ஓட்டிக் காட்டி, தேர்வில் தேறிய அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அப்பாடம் மீனவர் குடியிருப்புகளுக்கே சென்று, கட்டணமின்றி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் நடத்தப்பட வேண்டும். அந்தப் பையனைத் தண்டிப்பது என் நோக்கமில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் எனக்கு மனமில்லை. எங்கள் குடும்பங்களின் வாட்சாப் குழுவில் எழுதிவிட்டேன்: ஓட்டுநர் அட்டையைக் காட்ட வேண்டும், ஆளுக்கொரு அங்கி, பிள்ளைகளுக்குப் பிள்ளை அளவில், இல்லையேல் கரையிலேயே பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். "சார் ரொம்பக் கண்டிப்பு" என்று ஒரு தந்தை சிரிப்புப் படத்தோடு பதில் போட்டார். முகவாயில் தையல் போட்ட சிறுமியின் தந்தை எதுவும் எழுதவில்லை. கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மீண்டும் தெலுக் பஹாங் சென்றேன். மூன்று படகோட்டிகளிடம் அட்டை கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாமவர், ஐம்பது அகவை மதிக்கத்தக்க மலாய்க்காரர், நெகிழிப் பையில் பொதிந்து வைத்திருந்த தம் உரிமத்தையும் படகின் உரிமத்தையும் எடுத்து நீட்டினார். எத்தனை பிள்ளைகள், என்ன உயரம் என்று கேட்டுக்கொண்டே இருக்கைக்கு அடியிலிருந்து சின்ன அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கட்டணத்தை அதற்குப் பிறகே சொன்னார். மற்றவர்களைவிடப் பத்து ரிங்கிட் கூடுதல். அடுத்த விடுமுறைக்கு அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வந்திருக்கிறேன்.