மூஞ்சி கழுவ முப்பது பேரா?

பாஸ், பாத்ரூம்ல இருக்கிற ஃபேஸ்வாஷ் ட்யூபைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. முன்பக்கம் வேப்பிலை சிரிக்கும், எலுமிச்சை துள்ளிக் குதிக்கும். அதை விடுங்க. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதே, இந்த வாரம் நமக்கு அதுதான் சிலபஸ். (கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற ஆளுக்குப் பக்கம் ஒதுக்கினா இப்படித்தான் ஆகும்!)

அந்தப் பட்டியலை கம்பெனி இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. நம் நாட்டின் 2020-ம் வருட அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிற சரக்குகளை, எது அதிகமோ அது முதலில் என்று இறங்கு வரிசையில் போட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழேயும் உள்ளவை அதற்கு அடுத்து, எந்த வரிசையிலும் வரலாம். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதி குட்டு உடைந்துவிடும்.

முதல் பெயர் பெரும்பாலும் 'அக்வா'. பயந்துடாதீங்க, தண்ணீர்தான். பாண்டி பஜாரில் பேரம் பேசாமல் வாங்கி வந்ததில் பெரும்பங்கு அதுவே!

அடுத்து வருகிறவர்தான் ஹீரோ. சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகாமிடோப்ரொபைல் பீட்டேன் என்று வாயில் நுழையாத பெயர்கள். இந்த 'கோகா', தேங்காயிலிருந்து வந்தது. தேங்காய் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலங்களில் இருந்துதான் இவற்றைச் செய்கிறார்கள். பாமாயில் வகையறாக்களும் உண்டு. இந்த மூலக்கூறுக்கு ஒரு முனையில் தண்ணீர் பிடிக்கும், மறு முனையில் எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் முனைகள் எல்லாம் கூடி உங்கள் மூக்கு நுனி பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, தண்ணீர் முனைகள் அதை இழுத்துக்கொண்டு வாஷ்பேசினில் இறங்கிவிடும். அழுக்கு போவது இந்த வேலையால்தான். விளம்பரத்தில் வருகிற பச்சைக் குமிழிகள் சும்மா ஷோ!

'சோப்பே போதாதா?'ன்னு கேட்பீங்க. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் போர்வெல் தண்ணீரில் குளிக்கிற மக்களைக் கேளுங்க. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரித்திரியாகப் படிந்துவிடும். நுரையும் வராது, முகமும் வறவறன்னு ஆகும். ஃபேஸ்வாஷில் இருப்பவை அந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். இன்னொன்று, தோலின் பி.ஹெச். சுமார் ஐந்து. சோப்போ ஒன்பது, பத்து. வித்தியாசம் தோலுக்குப் புரியும்.

பட்டியலில் சோடியம் குளோரைடு தெரிகிறதா? அட, சாம்பாரில் போடுகிற உப்புதாங்க! சல்ஃபேட் கரைசலில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் அது கெட்டியாகிவிடும். 'க்ரீமி ஜெல்' என்று தடவிப் பார்த்து நாம் மெர்சலாகிற சமாச்சாரத்தில் உப்புக்கும் பங்கு உண்டு.

சல்ஃபேட் என்றாலே கேன்சர் என்று ஒரு ஃபார்வர்டு மெயில் பல வருஷமாகச் சுற்றி, இப்போது வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. அது டுபாக்கூர். ஆனால், சோடியம் லாரில் சல்ஃபேட் தோலை உறுத்தும் என்பது நிஜம். தோல் எரிச்சல் ஆராய்ச்சியில் எரிச்சலை உண்டாக்கவே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கழுவிய பிறகு முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரி, வேப்பிலை எங்கே? 'அஸாடிராக்டா இண்டிகா' என்று தேடுங்க. பக்கத்திலேயே ஃபீனாக்ஸி எத்தனால் இருக்கிறதா பாருங்க. அது கெட்டுப்போகாமல் காக்கிற பொருள். அதற்கு அனுமதித்த உச்ச வரம்பே ஒரு சதவீதம்தான். ஆக, அதற்குப் பின்னால் வருகிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. வேப்பிலை அதற்கும் பின்னால் நின்றால், முன்பக்க மரம் முழுக்க வெறும் படம் மச்சி! கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, அங்கேயே திருப்பிப் பாருங்க.

சின்ன ட்யூபில் பட்டியலே இல்லையா? திரவம் என்றால் 60 மில்லிக்கும், மற்றவை 30 கிராமுக்கும் குறைந்த பேக்கிங்குக்கு அது கட்டாயமில்லை. ஷாம்பூவை சாஷேயில் அடைத்து ஊருக்கெல்லாம் காட்டியவர் நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன். பாக்கெட் மணியில் வாழ்கிற நாம் இன்றும் குட்டி பேக்கிங் கட்சிதான். விவரம் தேவைப்படுகிற ஆளுக்கே விவரம் கிடைப்பதில்லை என்பது எனக்கு எரிச்சல்.

'இதுக்கெல்லாம் மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடைதான் சரி' என்பார் உங்கள் பாட்டி. தப்பில்லை. பயத்தமாவு எண்ணெயை உறிஞ்சும். பூந்திக்கொட்டை, சீயக்காயில் உள்ள சப்போனினும் ஹீரோ சல்ஃபேட் செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் 'இயற்கை'ன்னு எலுமிச்சையை நேரா முகத்தில் தேய்க்காதீங்க. அதன் பி.ஹெச். இரண்டு, ரெண்டரை. ஆசிட்டுங்க அது.

இனிமேதான் சீரியஸ் மேட்டர். 'வொய்ட்டனிங்' ஃபேஸ்வாஷ் முகத்தில் இருப்பது முப்பது செகண்ட். அதற்குள் எந்த நிறமும் மாறாது. அது தெரிந்ததும் சிலர் அடுத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். என் ஜூனியர் ஒருத்தி, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு 'கலர்' வேணும்னு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டாள். முதல் வாரம் பளிச். மூன்றாவது மாதம் கன்னம் சிவந்து, பருக்கள் வெடித்து, வெயிலில் நின்றாலே எரிச்சல். ட்யூபைத் திருப்பினால் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு. தோலை மெலிதாக்கும், நிறுத்தினால் திருப்பித் தாக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் 'ஃபேர்' என்பதைத் தூக்கிவிட்டு க்ளோ ஆகிவிட்டது. நம்ம இன்டர்வியூ பயம்தான் இன்னும் பெயர் மாற்றவில்லை.

'சோன்', 'சால்' என்று முடிகிற பெயர் க்ரீம் ட்யூபில் கண்ணில் பட்டால் உஷார். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஏற்கெனவே மாசக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் திடீரென நிறுத்தவும் வேண்டாம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் தோல் டாக்டரைப் பாருங்க. ஓ.பி. சீட்டுக்கு க்யூ இருக்கும். அந்த ட்யூபை மறக்காமல் எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பார்.