தழும்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

இரண்டாவது பிரசவத்துக்காக ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். கூடவே மாமியாரும் வருகிறார்.

“முதல் குழந்தை எப்படிப் பிறந்தது?” என்று டாக்டர் கேட்கிறார்.

“ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், டாக்டரம்மா” என்கிறார் மாமியார்.

“கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள்? குறுக்காகவா, நெடுக்காகவா?”

மாமியார் மருமகளைப் பார்க்கிறார். மருமகள் வெட்கத்தோடு அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாள். “தழும்பு குறுக்கேதான் இருக்கிறது.”

“ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு?”

“அது எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறது.”

நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் இதற்குள் ஓர் உயிர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது பல குடும்பங்களுக்குத் தெரியாது.

வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு வேறு. உள்ளே கர்ப்பப்பையில் இருக்கும் தழும்பு வேறு. தோலில் குறுக்காக வெட்டிவிட்டு, கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டியிருக்கலாம். தோலில் நெடுக்காக வெட்டிவிட்டு, உள்ளே குறுக்காக வெட்டியிருக்கவும் கூடும். வெளித் தழும்பைப் பார்த்து உள் தழும்பைச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. அடுத்த பிரசவத்தில் தொல்லை கொடுப்பதோ உள்ளே இருக்கும் தழும்புதான்.

உழைக்கும் இடம்

கர்ப்பப்பையில் மேல்பகுதி உழைக்கும் பகுதி. தடித்த சதை. பிரசவ வலி எடுக்கும்போது இறுகி இறுகிக் குழந்தையைக் கீழே தள்ளுவது அதுதான். கீழ்ப்பகுதி மெல்லியது. அது வழி விடும் பகுதி. அதற்கு அவ்வளவு வேலை இல்லை.

இப்போது பெரும்பாலான சிசேரியன்களில் இந்தக் கீழ்ப்பகுதியில்தான் குறுக்காக வெட்டுகிறார்கள். இரத்தப்போக்கு குறைவு. காயம் நன்றாக ஆறும். மறுமுறை வலி வந்தாலும் அந்தத் தையல் பெரும்பாலும் தாங்கும். அப்படி வலி வந்து பெற முயலும் தாய்மார் 1,000 பேரில் 5 முதல் 9 பேருக்குத்தான் தழும்பு பிரிகிறது.

மேல்பகுதியில் நெடுக்காக வெட்டினால் கதை வேறு. உழைக்கும் இடத்தில் போட்ட தையல் அல்லவா? வலி எடுத்தால் 100 பேரில் 4 முதல் 9 பேர் வரை அது பிரிந்துவிடலாம். சில சமயம் வலி வருவதற்கு முன்பேகூடப் பிரியும். பிரிந்தால் உள்ளுக்குள்ளே இரத்தம் கொட்டும். குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கும். பிறகு நிமிஷக் கணக்குத்தான்.

ஆகவே, நெடுக்கு வெட்டு போட்ட தாய்க்கு அடுத்த முறை வலி வரவே விடக்கூடாது. 36 அல்லது 37 வாரத்திலேயே நாள் குறித்து ஆபரேஷன் செய்துவிடுவார்கள்.

இன்னும் இரண்டு வகை உண்டு. கீழ்ப்பகுதிக்குள்ளேயே நெடுக்காக வெட்டுவது ஒன்று. அது மேல்பகுதிக்கு ஏறாமல் இருந்தால் அவ்வளவு பயமில்லை. குறுக்கே வெட்டிய பிறகு இடம் போதாமல், நடுவிலிருந்து மேல்நோக்கி நீட்டுவது மற்றொன்று. இங்கிலீஷ் ‘டி’ எழுத்தைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். இதற்கும் நெடுக்கு வெட்டுக்குள்ள அதே எச்சரிக்கை வேண்டும்.

நெடுக்காக வெட்டினார் என்றால் டாக்டர் தப்புச் செய்தார் என்று அர்த்தமல்ல. குழந்தை மிகவும் குறைமாதத்தில் இருந்தால் கீழ்ப்பகுதி விரிந்திருக்காது. குழந்தை குறுக்கே கிடக்கலாம். கீழே கட்டி இருக்கலாம். அந்த நேரத்தில் அந்த வெட்டுத்தான் பிள்ளையைக் காப்பாற்றும். வெட்டியதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. வெட்டியதைத் தாய்க்குச் சொல்லாமல் அனுப்புவதைத்தான் சொல்கிறேன்.

பழைய பேச்சு

“ஒரு தடவை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நியூயார்க்கில் 1916-ம் ஆண்டு எட்வின் கிராகின் என்ற டாக்டர் இதே கருத்தைச் சொன்னார். அன்று அது நியாயமான பேச்சு. ஏனென்றால் அந்தக் காலத்தில் வழக்கமாகப் போட்டது மேல்பகுதி நெடுக்கு வெட்டு. ஜெர்மன் டாக்டர் மாக்ஸ் சேங்கர் 1882-ல் கர்ப்பப்பையைத் தைக்கும் முறையை விளக்கி எழுதினார். அதற்கு முன்பு பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவார்கள்! எத்தனை தாய்மார் மாண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கீழே குறுக்காக வெட்டும் முறையை ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்தில் இருந்த மன்ரோ கெர் என்ற டாக்டர் 1920-களில் வற்புறுத்திப் பரப்பினார். மெல்ல மெல்ல உலகமே அதை ஏற்றுக்கொண்டது. வெட்டு மாறிவிட்டது. பழைய பேச்சு மட்டும் மாறவில்லை.

குறுக்கு வெட்டு போட்டவர்களில் தக்கவர்களைப் பார்த்து வலி வந்து பெற விட்டால், 100-க்கு 60 முதல் 80 பேர் சுகப்பிரசவம் அடைகிறார்கள். அதற்கு நினைத்த நிமிஷம் ஆபரேஷன் செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரி வேண்டும். வலியை வரவழைக்கும் சில மருந்துகள் அவர்களுக்கு ஆகா. முதல் பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 18 மாதமாவது இருப்பது நல்லது.

“எதற்கு வம்பு? ஒவ்வொரு தடவையும் ஆபரேஷனே செய்துவிடலாமே” என்று சிலர் கேட்பார்கள். அதிலும் வம்பு இருக்கிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டு, பழைய தழும்பிலே வேரோடி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரத்தம் நிற்காது. அமெரிக்காவில் 2006-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நஞ்சுக்கொடி அப்படி வாயை அடைத்திருந்த பெண்களில், இரண்டாவது சிசேரியனில் 100-க்கு 11 பேருக்கு ஒட்டியிருந்தது. மூன்றாவது சிசேரியனில் 40 பேருக்கு! ஆகவே, இரண்டு வழியில் எது என்பதைத் தாயின் உடம்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முதல் தகவல், உள்ளே போட்ட வெட்டு.

சீட்டு எங்கே?

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 பிரசவம் சிசேரியன். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 21 அல்லது 22-தான். நம் வீடுகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

நம் வழக்கமோ தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது. முதல் பிள்ளை ஓர் ஊரில். இரண்டாவது பிள்ளை வேறு ஊரில். சீட்டு முதல் ஊரின் பீரோவில் கிடக்கும். அல்லது பழைய பேப்பரோடு போயிருக்கும்.

பிள்ளை பிறந்த நேரத்தை மட்டும் மறக்கமாட்டோம்! ஜாதகம் கணிக்க வேண்டுமே! மணி, நிமிஷம் எல்லாம் நர்சிடம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். சிலர் பஞ்சாங்கம் பார்த்து ஆபரேஷனுக்கே நேரம் குறிக்கிறார்கள். பெற்றவளின் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்று கேட்பவர் யார்? ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்ட கணவரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரிகளும் இதில் அலட்சியமாக இருக்கக்கூடாது. சீட்டில் பெரும்பாலும் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று நான்கு எழுத்து இருக்கும். கீழ்ப்பகுதி சிசேரியன் என்பது அதன் பொருள். அது போதாது. வெட்டு மேலே நீண்டதா, அடுத்த முறை வலி வர விடலாமா என்பது அதில் தெரியாது. தாய் வீட்டுக்குப் போகும் முன், ‘கர்ப்பப்பையில் வெட்டு: குறுக்கு’ அல்லது ‘நெடுக்கு’, ‘அடுத்த முறை வலி வரலாம்’ அல்லது ‘வரக்கூடாது’ என்று தமிழில் இரண்டு வரி எழுதித் தாய் சேய் நல அட்டையில் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா? இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை நாமே கேட்போம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. “டாக்டரம்மா, உள்ளே எப்படி வெட்டினீர்கள்? அடுத்த முறை வலி வரலாமா?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்துக் கணவருக்கும் தாய்க்கும் அனுப்பிவிடுங்கள். ஜாதக நோட்டுக்குள்ளே சீட்டையும் செருகி வையுங்கள். அது மட்டும் எந்த வீட்டிலும் தொலைவதில்லை!

சீட்டு தொலைந்துபோனவர்கள் என்ன செய்வது? முதல் ஆபரேஷன் எத்தனையாவது மாதத்தில் நடந்தது, எதற்காக நடந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாதம் நிறைந்து, வலி வந்தும் குழந்தை இறங்கவில்லை என்று செய்திருந்தால் பெரும்பாலும் குறுக்கு வெட்டாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு மாதத்தில் அவசரமாக எடுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதைவிட நல்லது, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்பது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, படுக்கையில் இருந்து சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளை டாக்டர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 3 ஆண்டுக்குப் பிறகு அந்தக் காகிதம் இருக்கும் என்று நிச்சயம் இல்லை. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்து இரண்டு, இரண்டரை வருஷம் ஆகியிருந்தால், இந்த வாரமே யாராவது ஒருவர் பஸ் ஏறிப் போய் வாங்கி வரட்டும்.